தூங்கிச் சேர்த்த பாயிண்ட்

எடைக்கல் தன் வாழ்நாளில் சேர்த்த ஒரே சொத்து தூங்கிச் சேர்த்தது. ஊரில் மற்றவர்களெல்லாம் ஓடியாடி ஏதாவது நாலு காசு பார்ப்பார்கள். இவர் ஓட்டல் கட்டிலில் குப்புறப் படுத்துக் குறட்டை விட்டே பாயிண்ட் சேர்த்தார்.

எடைக்கல் என்பது ஆபீஸில் வைத்த பெயர். தொழிற்சாலை, கிடங்கு, துறைமுகம் என்று எங்கெல்லாம் பெரிய எடை இயந்திரம் இருக்கிறதோ அங்கெல்லாம் போய், கொண்டுபோன இரும்புக் கற்களை மேடைமேல் வைத்து, இயந்திரம் உண்மை பேசுகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. மாதத்தில் பாதி நாள் வெளியூர். எந்த ஊராக இருந்தாலும் கம்பெனி ஒப்பந்தம் போட்டிருந்த ஓட்டல் குழுமத்தில்தான் தங்க வேண்டும். பில் கம்பெனிக்கு, பாயிண்ட் படுத்தவனுக்கு. பாயிண்ட் சேர்ந்தால் பின்னால் காசில்லாமல் தங்கிக்கொள்ளலாம். வெள்ளி அட்டை வந்தது, தங்க அட்டை வந்தது, கடைசியில் கறுப்பாக ஒன்று வந்தது. கறுப்பு அட்டையைப் பார்த்து அவர் மனைவி சொன்னாள்:

"இங்க தூங்கினா என்கிட்ட திட்டு. அங்க தூங்கினா பட்டம். நல்ல பொழப்புதான்."

பாயிண்ட் ஏறிய அதே வருஷங்களில் அவருக்கு ரத்த அழுத்தமும் ஏறியது. பாயிண்ட் ஏறுவதை ஓட்டல்காரர்கள் மாதம் தவறாமல் மெயில் போட்டுச் சொன்னார்கள். சிறுநீரகம் இறங்குவதைச் சொல்ல யாரும் மெயில் போடவில்லை. ஒருநாள் ஒரு சிமென்ட் ஆலையில் கல்லைத் தூக்கப் போனவர் தூக்கிய இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கால் இரண்டும் வீங்கிப் போயிருந்தன. ஆஸ்பத்திரியில் சோதனைக் காகிதத்தைப் பார்த்த டாக்டர், "இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டார். "தூங்கிட்டிருந்தேன் சார்," என்றார் எடைக்கல். டாக்டர் சிரிக்கவில்லை. அப்போதுதான் விஷயம் பெரியது என்று இவருக்குப் புரிந்தது.

இப்போது வயிற்றில் ஒரு குழாய். ஒரு நாளைக்கு நாலு முறை, பையில் வரும் திரவத்தை அதன் வழியாக வயிற்றுக்குள் இறக்கி, சில மணி நேரம் வைத்திருந்து வெளியே விட வேண்டும். இரண்டு வருஷம் ஓடிற்று. போன மாதம் டாக்டர் சொல்லிவிட்டார், வயிற்றுக்குள் இருக்கும் சவ்வு களைத்துவிட்டது, இனி அதிக நாள் தாங்காது, உடம்பு இருக்கிற இருப்பில் வேறு வழிகளும் சரிப்படாது, மாற்றுச் சிறுநீரகம் ஒன்றுதான் வழி என்று. சோப்பு முதல் சீரியல் வரை எல்லாவற்றிலும் ஒத்துப்போகும் மனைவிக்கு ரத்த வகை மட்டும் ஒத்துப்போகவில்லை. பிள்ளை குட்டி கிடையாது. பெற்றவர்கள் போய்ச் சேர்ந்தாயிற்று. மிச்சம் இருப்பது ஒரே தம்பி. ரத்த வகை ஒன்றேதான். அது எல்லோருக்கும் தெரியும். தம்பிக்கும் தெரியும். தம்பி மனைவிக்கும் தெரியும். இரண்டு வருஷமாக யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"நேரா போய்க் கேளுங்களேன்," என்றாள் மனைவி.

"நேரா கேட்டா நேரா இல்லைன்னுடுவான்."

நேராகக் கேட்பது அந்தக் குடும்பத்துக்கு வராத வித்தை. பக்கத்து வீட்டில் ஏணி வாங்க வேண்டுமென்றால், இவர்கள் அப்பா முதலில் போய் அந்த வீட்டுக்காரரின் முதுகுவலியை விசாரிப்பார். அப்புறம் மழை. அப்புறம் கூரை. கூரைக்கு வந்த பிறகு அவராகவே "ஏணி வேணுமா?" என்று கேட்கும்வரை உட்கார்ந்திருப்பார். அந்த ரத்தம்தான் இவருக்கும். ஆகவே பாயிண்ட் மொத்தத்தையும் ஒரே இடத்தில் கொட்டி, கடலோரத்தில் இருக்கும் பெரிய ரிசார்ட்டில் இரண்டு அறை போட்டார். தம்பிக்குப் போன் போட்டார்.

"பாயிண்ட் சும்மா கிடக்குதுடா. விட்டா செத்துப் போயிடும். நீங்க ரெண்டு பேரும் வாங்க."

"எங்களையா?" என்றான் தம்பி.

"இல்ல, எதுத்த வீட்டுக்காரரை. உன்னைத்தான்டா."

"சரி அண்ணா. அவகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்."

தம்பி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். ஒரே கார், ஒரே ஆசிரியர், அவனே முதலாளி. அந்தக் காரில்தான் நாலு பேரும் போனார்கள். மேலே 'பயிற்சி வாகனம்' என்ற பலகை கழற்ற வராமல் ஒட்டிக்கொண்டிருந்தது. ரிசார்ட் வாசலில் நீளநீளமான கறுப்புக் கார்களுக்கு நடுவே அது போய் நின்றபோது, வாசல் காவலாளி, யாரோ ஓட்டக் கற்றுக்கொள்ள வந்து வழிதவறி நுழைந்துவிட்டார்கள் என்று நினைத்து, மரியாதையாகத் திரும்பும் வழியைக் காட்டினார்.

அது முடிந்து டிக்கியைத் திறந்தால் அடுத்த பிரச்சினை. திரவப் பைகள் அடுக்கிய அட்டைப்பெட்டிகள். காவலாளி ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே தளும்பியது.

"சார், வெளிய இருந்து பானம் கொண்டுவர அனுமதி இல்லை."

"இது குடிக்கிற சமாச்சாரம் இல்லைப்பா," என்றார் எடைக்கல். "நேரா வயித்துல ஊத்திக்கறது."

காவலாளியின் சந்தேகம் இன்னும் கெட்டிப்பட்டது. மனைவி ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினாள். அவர் படித்தார், பெட்டியைக் குழந்தையைப் போல மெல்லக் கீழே வைத்தார், ஒரு சல்யூட் வைத்தார். அந்த சல்யூட்டைத்தான் எடைக்கல்லால் தாங்க முடியவில்லை.

உள்ளே வரவேற்பில் ஒரு பெண் கறுப்பு அட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "எங்களோட மிக முக்கியமான விருந்தினர் நீங்க," என்றாள். இரண்டு அறையையும் கடலைப் பார்த்த தனிவீடுகளாக உயர்த்திக் கொடுத்தாள். உயரமான கண்ணாடி டம்ளரில் பழச்சாறு வந்தது. எடைக்கல் அதை வாங்கி, வாசனை பார்த்து, மனைவியிடம் தள்ளினார். அவருக்கு ஒரு நாளைக்கு அளந்த தண்ணீர்தான். பழமென்றால் ரத்தச் சோதனையில் காட்டிக்கொடுத்துவிடும்.

தம்பி மனைவி பியூட்டி பார்லர் வைத்திருப்பவள். எதைப் பார்த்தாலும் அதற்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும், யார் துடைப்பார்கள் என்று யோசிக்கிற ரகம். வரவேற்பறையின் தாமரைக் குளத்தையும் தொங்கு விளக்கையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு நேராக இவரிடம் வந்தாள்.

"மாமா, பாதி நாங்க தர்றோம்."

"எதுல பாதி? இது பாயிண்டும்மா. பணம் இல்லை."

"பாயிண்டுக்கு ஒரு விலை இருக்கும்ல. அதுல பாதி."

"நான் தூங்கினதுல பாதியை நீ எப்படித் தருவே?"

அவள் சிரிக்கவில்லை. "எங்களுக்கு யாருக்கும் கடன்பட்டுப் பழக்கமில்லை மாமா. அதான்."

"அண்ணன் தம்பிக்குள்ள என்னம்மா கடன்?"

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றாள். அவள் சொன்னதும் இவர் சொன்னதும் ஒன்றில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது.

அன்று முழுவதும் அவள் அப்படியே இருந்தாள். அறையில் வைத்திருந்த சாக்லேட்டைத் தொடவில்லை. துண்டை மடித்து அதே இடத்தில் வைத்தாள். ராத்திரிச் சாப்பாட்டில் மேசை மேசையாகக் குவிந்திருந்த மீனையும் இறைச்சியையும் கேக்கையும் விட்டுவிட்டு, ஒரு சூப்பும் இரண்டு ரொட்டியும் எடுத்துக்கொண்டாள். வாய்க்கு வாய் "ரொம்ப தேங்க்ஸ் மாமா," என்றாள். ஒவ்வொரு தேங்க்ஸும் கடையில் சில்லறையை எண்ணிக் கையில் வைப்பதுபோல வந்தது. தம்பி மட்டும் தட்டை நிரப்பிக்கொண்டு வந்தான். பாதியில் மனைவி தட்டைப் பார்த்தான். அப்புறம் அவனுக்கும் இறங்கவில்லை.

எடைக்கல் அன்றே கேட்டுவிட நினைத்திருந்தார். சூப் முடியட்டும் என்று இருந்தார். கேக் வரட்டும் என்று இருந்தார். கடைசியில் தம்பியிடம், "உன் காருக்கு டயர் மாத்தணும்போலிருக்கே," என்றார்.

"ஆமாண்ணா, தேய்ஞ்சிடுச்சு."

"பாத்து மாத்து."

அவ்வளவுதான். அப்பாவாக இருந்தால் இதற்குள் கூரைக்காவது வந்திருப்பார்.

மறுநாள் காலையில் எடைக்கல் குளியலறையில் இருந்த எடை இயந்திரத்தில் ஏறினார். உடம்பில் நீர் தங்கியிருக்கிறதா என்று தெரிய அவர் தினமும் எடை பார்க்க வேண்டும். நேற்றைவிடக் குறைத்துக் காட்டியது. சந்தேகப்பட்டு, சரியான எடை தெரிந்த திரவப் பை ஒன்றை எடுத்து வைத்துப் பார்த்தார். அதையும் குறைத்தே காட்டியது.

"இவ்வளவு பெரிய ஓட்டல், எடை பொய்," என்றார் மனைவியிடம்.

"இங்க வர்றவங்களுக்குக் குறைச்சுக் காட்டினாத்தான் பிடிக்கும். நீங்க கேட்டுட்டீங்களா?"

"இன்னிக்குக் கேக்கறேன்."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

"இன்னிக்குப் பகல்ல. குளத்துல நல்லா நீந்தி, மனசு லேசா இருக்கும்போது."

"மனசு லேசா இருந்தா கிட்னியை எடுத்துக் கொடுத்துடுவாங்களா? நீங்க என்ன, ஏணியா கேக்கப் போறீங்க?"

பகலில் நீச்சல் குளத்துக்கரையில், பெரிய குடைக்குக் கீழே சாய்நாற்காலியில் படுத்திருந்தார். குழாய் இருப்பதால் தண்ணீரில் இறங்கக் கூடாது. சட்டையைக் கழற்றாமல் படுத்திருந்த ஒரே ஆள் அவர்தான். தம்பி தண்ணீருக்குள் இறங்கி, நீந்தாமல், இடுப்பளவில் நின்றுகொண்டிருந்தான். வேலைப் பழக்கம், பக்கத்தில் யாராவது வேகமாக நீந்தி வந்தால் அவன் வலதுகால் தானாகத் தரையை அழுத்தியது. நாள் முழுக்க அடுத்தவன் ஓட்டும் வண்டிக்குப் பிரேக் போடுகிறவன்.

தம்பி மனைவி வந்து பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"மாமா, அவருக்கு ஊசின்னாலே மயக்கம் வரும். தெரியுமா?"

"சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்துல தடுப்பூசி போடற அன்னிக்கு, கக்கூஸ்ல போய் ஒளிஞ்சுக்குவான்."

"இன்னமும் அப்படித்தான். பொண்ணு பொறந்தப்போ எனக்கு ஊசி போட்டாங்க. இவர் விழுந்துட்டார். நர்ஸுங்க என்னை விட்டுட்டு இவரைப் பாத்தாங்க."

எடைக்கல் சிரித்தார். அவளும் சிரித்தாள். பிறகு சிரிப்பை அப்படியே நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"பொண்ணுக்கு ஏழு வயசுதான் மாமா ஆகுது. கடையில எனக்கு வர்றது வாடகைக்குத்தான் காணும். அவர் சீட்டுல உக்காந்தாத்தான் வீட்டுல அடுப்பு எரியும்."

"எனக்குத் தெரியாதாம்மா."

"தெரியும்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம்னு." எழுந்து, நாற்காலியில் தான் உட்கார்ந்த இடத்தின் சுருக்கத்தை நீவிவிட்டுப் போனாள்.

மாலையில் திரவம் மாற்றும் நேரம். கதவு ஜன்னலைச் சாத்தி, ஏசியை நிறுத்தி, கையை முழங்கைவரை கழுவி, முகக்கவசம் போட்டுக்கொள்ள வேண்டும். காற்றில் ஒரு கிருமி குழாய்க்குள் போனாலும் வினைதான். பையை மாட்ட ரிசார்ட்டில் இடம் தேடவேண்டியிருக்கவில்லை. படுக்கையோரத்தில் பித்தளை வேலைப்பாடு செய்த உயரமான விளக்கு ஒன்று, அந்த வேலைக்கென்றே செய்ததுபோல நின்றது. மனைவி இணைப்பைப் போட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு நடை போய்வருவதாகக் கிளம்பினாள். கிளம்பும்போது கண்ணாலேயே உத்தரவு போட்டுவிட்டுத்தான் போனாள். அவள் போன சற்றைக்கெல்லாம் தம்பி வந்தான். அவள்தான் அனுப்பியிருக்கிறாள்.

தம்பி இதை இதற்குமுன் பார்த்ததில்லை. அண்ணன் சட்டையைத் தூக்கிவிட்டுச் சாய்ந்திருப்பதையும், வயிற்றிலிருந்து வரும் குழாயையும், தரையில் கிடந்த பையில் மஞ்சளாக நிறைந்துகொண்டிருப்பதையும் பார்த்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"மயக்கம் வந்தா முன்னாடியே சொல்லுடா. நான் எழுந்து பிடிக்க முடியாது. என்னைக் கட்டிப் போட்டிருக்கு."

"இல்லண்ணா. பரவாயில்லை."

ஏசி இல்லாமல் அறை வெந்தது. இரண்டு பேருக்கும் வியர்த்தது. எடைக்கல், "காருக்கு..." என்று ஆரம்பித்தார்.

"அண்ணா, டயரைப் பத்திப் பேசாதே."

எடைக்கல் நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

"நீ எதுக்குக் கூட்டிட்டு வந்திருக்கேன்னு எனக்குத் தெரியும். நீ போன் பண்ணின அன்னிக்கே தெரியும். அவளுக்கும் தெரியும். வரவேண்டாம்னுதான் சொன்னா. வரலைன்னா அண்ணன் மனசு உடைஞ்சிடும்னு நான்தான் கூட்டிட்டு வந்தேன்." தம்பி தரையைப் பார்த்துப் பேசினான். "நானா வந்து சொல்லணும்னு எத்தனையோ தடவை நினைச்சேன். ஆஸ்பத்திரி வாசல்ல போய் வண்டியை நிறுத்திட்டு, உள்ள போக முடியாம திரும்பி வந்திருக்கேன். ஒரு தடவை இல்ல. பயம்ணா. வெக்கமா இருக்கு சொல்ல. கத்தின்னு நினைச்சாலே கை கால் விட்டுப் போகுது."

"டேய், அதெல்லாம்..."

"நான் முடிச்சுடறேன். நீ கேட்டா என்னால இல்லைன்னு சொல்ல முடியாது. சத்தியமா முடியாது. நீ என்னைத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சவன். இல்லைன்னு சொல்ல மாட்டான்னு தெரிஞ்சு ஒருத்தன்கிட்ட கேட்டா, அது கேக்கறது இல்ல அண்ணா. எடுத்துக்கறது. அதனால கேக்காதே. எனக்கு எப்பவாவது தைரியம் வந்தா நானே வர்றேன். வரலைன்னா... வரலைன்னா என்னை மன்னிச்சுடு. ஆனா கேக்காதே."

பையில் திரவம் இறங்கும் சத்தம் கேட்டது. எடைக்கல் ஜோக் எதுவும் கிடைக்குமா என்று தேடினார். டாக்டரிடம், காவலாளியிடம், சாவிடம்கூட அவருக்கு ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். இப்போது கிடைக்கவில்லை.

"கேக்க மாட்டேன்," என்றார்.

"சத்தியமா?"

"சத்தியமாடா. என் வாயால கேக்க மாட்டேன்."

தம்பி முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டான். இரண்டு வருஷமாக இழுத்துப் பிடித்திருந்த எதையோ விட்டுவிட்டவன்போல, அங்கேயே சுவரில் சாய்ந்து கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தான். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் மூன்று தட்டு மீன் தின்றான். அவனைப் பார்த்துத் தம்பி மனைவியும் முதல்முறையாக ஒரு துண்டு கேக் எடுத்துக்கொண்டாள். "நல்லா இருக்கு மாமா," என்றாள். தேங்க்ஸ் சொல்லவில்லை. எடைக்கல்லுக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. சந்தோஷத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அவன் எப்படித் தின்கிறான் பார், என்றது அது.

சாப்பிட்டுத் திரும்பும் வழியில், விளக்குப் போட்ட தோட்டத்து நடைபாதையில், தம்பி சொன்னதை அவர் மனைவியிடம் சொன்னார். அவள் நின்றுவிட்டாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கேக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேன்."

அவள் அழவில்லை, கத்தவில்லை. செருப்பில் சிக்கிய மணலை உதறினாள்.

"உங்களைத்தானே கேக்க வேண்டாம்னார்? என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே."

எடைக்கல் பாதையோரச் செடியின் இலையொன்றைக் கிள்ளினார்.

"நான் கேக்கறேன். நாளைக்குக் காலையில. நான் கேட்டா அது என் பாவம், உங்களுக்கு வேண்டாம். என்னங்க? கேக்கட்டுமா வேண்டாமா, சொல்லுங்க."

"உன் இஷ்டம்," என்றார் எடைக்கல்.

இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவர் இந்த வார்த்தையைச் சொன்ன இடங்கள் எல்லாம் அவளுக்குத் தெரியும். வாடகைக்காரனைக் காலி பண்ணச் சொல்ல வேண்டியிருந்தபோது. அவருடைய அத்தையை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தபோது. காரியம் நடக்க வேண்டும், தன் கையால் நடக்கக் கூடாது என்றால் அவர் சொல்லும் வார்த்தை அது. அவள் தலையை ஆட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

கடைசி நாள் காலைச் சாப்பாடு கடலைப் பார்த்த திறந்த மண்டபத்தில். தம்பி முட்டை தின்றுகொண்டிருந்தான். மாமியார் வீட்டில் விட்டுவந்த மகள் வரைந்து போனில் அனுப்பிய ஏதோ ஒரு படத்தை அண்ணனுக்குக் காட்டினான். பூனைபோல இருந்தது, ஆனால் அது அவனாம். "மீசையைப் பாருண்ணா, என்னை மாதிரியே வரைஞ்சிருக்கா," என்றான். தம்பி மனைவி அன்றைக்குத்தான் தலையை அவிழ்த்துவிட்டு, முழங்கையை மேசையில் ஊன்றி, கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

எடைக்கல்லின் மனைவி டீக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"தம்பி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

அந்த வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே நிறைய இடம் இருந்தது. எடைக்கல் இருமியிருக்கலாம். ஸ்பூனைக் கீழே போட்டிருக்கலாம். "அவ கிடக்கறா, நீ முட்டையைத் தின்னு," என்று சொல்லியிருக்கலாம். இதுமாதிரி இடத்தில் நுழைந்து பேச்சைக் கலைக்கத்தானே அந்த வாய். அவர் ரொட்டியை எடுத்து வெண்ணெய் தடவினார். அவருக்கு உப்பு வெண்ணெய் ஆகாது. ஓரம்வரை சீராக, மூலைகூட விடாமல் தடவினார்.

"அண்ணனுக்கு ஒரு கிட்னி வேணும். இல்லைன்னா இந்த வருஷம் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். உங்களை விட்டா எங்களுக்கு யாரும் இல்லை. நான் உங்க அண்ணியா கேக்கலை. பிச்சையாத்தான் கேக்கறேன்."

வெள்ளைச் சட்டை போட்ட பணியாளர் ஒருவர் வந்து குனிந்தார். "டீயா, காபியா சார்?"

அவர் புன்னகை மாறாமல் நின்றார்.

தம்பி அண்ணியைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எடைக்கல் ஏதாவது சொல்லியிருப்பார். அது, இல்லைன்னு சொல்லேன் அண்ணா, நீ ஒரு வார்த்தை சொல்லேன் என்று கெஞ்சியது. எடைக்கல் ரொட்டியைப் பார்த்தார்.

"சரி அண்ணி," என்றான் தம்பி.

"காபி," என்றான் பணியாளரிடம்.

"சர்க்கரை போடலாமா சார்?"

"போடுங்க."

தம்பி மனைவி தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள். எழுந்து, தன் தட்டையும் கணவன் தட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, துடைத்த துணியை மேலே போட்டாள். "நான் போய்ப் பெட்டியை எடுத்து வைக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள். எடைக்கல்லின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவே, "நல்லா இருப்பீங்க தம்பி, நல்லா இருப்பீங்க," என்றாள். தம்பி தலையாட்டிக்கொண்டே சூடான காபியை ஊதாமல் குடித்தான்.

அவர் கேட்கவில்லை. சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டார்.

திரும்பும்போது தம்பிதான் ஓட்டினான். எடைக்கல் முன்னால் அவன் பக்கத்தில். பெண்கள் இரண்டு பேரும் பின்னால், நடுவே ஒரு பையை வைத்துக்கொண்டு. ரிசார்ட்டின் தென்னைகள் முடிந்து, லாரிகள் ஓடும் பெரிய சாலை வந்தது.

இப்போது சொல்லிவிடலாம் என்று எடைக்கல் நினைத்தார். ஒரே வார்த்தை. வேண்டாம். அவள் தெரியாமல் கேட்டுவிட்டாள், எனக்கு வேண்டாம்டா, இறந்தவர்கள் சிறுநீரகத்துக்குக் காத்திருக்கும் ஆஸ்பத்திரி லிஸ்ட்டில் பெயர் இருக்கிறது, வருகிறபோது வரட்டும். சொல்ல வேண்டியதெல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நின்றது. முன்னால் போகும் லாரியைத் தாண்டட்டும் என்று இருந்தார். தாண்டினார்கள். பாலம் முடியட்டும் என்று இருந்தார். பாலமும் முடிந்தது. பெட்ரோல் போட நிறுத்தினார்கள். தம்பி இறங்கி, டயரைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு ஏறினான். அப்போதும் நேரமிருந்தது.

நேற்று அறையில் கிடந்த மஞ்சள் பையும், டாக்டர் சிரிக்காமல் பார்த்ததும், தனியாக இருக்கப்போகும் மனைவியும் அவர் கண்முன் வந்தார்கள். அதெல்லாம் பிறகு சேர்த்துக்கொண்ட காரணம். முதல் காரணம் ஒன்றேதான், அவருக்கு உயிரோடு இருக்க ஆசையாக இருந்தது. இவ்வளவு ஆசை இருக்கும் என்று அவரே நினைத்ததில்லை.

"மாமா," என்றாள் தம்பி மனைவி பின்னாலிருந்து. குரலில் கோபம் இல்லை. வாடிக்கையாளரிடம் எவ்வளவு முடி வெட்ட வேண்டும் என்று கேட்கிற குரல். "எத்தனை வாரம் வேலைக்குப் போக முடியாது?"

"ஆறு வாரம். சிலருக்கு எட்டு."

"கார் ஓட்டறது?"

"ஒரு மாசம் கூடாது. அப்புறம் பெல்ட்டு அழுத்தாம ஒரு தலையணை வெச்சுக்கணும். கனம் தூக்கக் கூடாது, மூணு மாசத்துக்கு."

"எந்தப் பக்கம் எடுப்பாங்க?"

"வழக்கமா இடது பக்கம்."

அவள் கேட்டு முடிக்கும் முன்பே ஒவ்வொன்றுக்கும் பதில் வந்துவிழுந்ததை எடைக்கல் தானே கேட்டார்.

"எல்லாம் விசாரிச்சு வெச்சிருக்கீங்க," என்றாள். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தம்பி கண்ணாடியில் பின்னால் பார்த்தான், விளக்குப் போட்டு வலது பக்கம் ஒதுங்கினான், நிதானமாக ஒரு பஸ்ஸைத் தாண்டினான். மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி ஒவ்வொன்றையும் முறையாகச் செய்தான்.

"என்னிக்குப் போகணும்னு சொல்லுண்ணா," என்றான். "கிளாஸ் எல்லாம் மாத்தி வைக்கணும்."

சொல்வதற்கு அதுதான் கடைசி இடம். எடைக்கல் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வர்ற செவ்வாய்க்கிழமை," என்றார். "காலையில வெறும் வயித்துல வரச் சொல்லியிருக்காங்க. முதல்ல டெஸ்ட் எடுப்பாங்க. நம்ம ரெண்டு பேர் பேருக்கும் நேரம் வாங்கி வெச்சிருக்கேன்."

"எப்ப வாங்கினீங்க?" என்று கேட்டாள் தம்பி மனைவி.

எடைக்கல் தன் சீட் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டார்.

"ரூம் போட்ட அன்னிக்கே," என்றார் எடைக்கல்.